கஞ்சி போட்ட தொப்பி

என்னுடைய தலையும் ஒரு நடுத்தர வத்தகப்பழமும் ஒரே சுற்றளவு என்பது எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரியவந்தது. கலியாணம் முடித்த வருடத்திலேயே தான் அதைக் கண்டுபிடித்துவிட்டதாக என் மனைவி சொல்கிறாள். சொல்லலாம். ஆனால் அவளிடம் அத்தாட்சி இருக்கவில்லை. நான் வெள்ளவத்தைச் சந்தையில் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, நூல் பிடித்து அளந்து நிரூபித்தவன்.

ஏன் அளந்தேன் என்று சொல்வதானால் நாடகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. கலியாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். இருந்தாலும் எங்கள் பழைய கத்தோலிக்கக் கோயில் பங்கில் நாடகம் என்றால் வேலை முடிந்து நேரே கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறிவிடுவேன். வருடத்துக்கு ஒரு நாடகம். பத்தொன்பது வருடமாக நடிக்கிறேன். இரண்டாம் பொலிஸ்காரன், தபால்காரன், பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவன் என்று என் பாத்திரங்கள் பலவகை. ஒரு வருடம் பிணமாகவும் நடித்தேன். பெட்டிக்குள் படுத்திருந்தபோது தும்மிவிட்டேன். அதுவரைக்கும் என் கலை வாழ்க்கையில் கிடைத்த ஆகப் பெரிய கைதட்டல் அந்தத் தும்மலுக்குத்தான்.

இந்த முறை வழக்கமான கதாநாயகன் பேரப்பிள்ளை பார்க்க அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். எங்கள் நெறியாளர் பகலில் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். நாடகத்தையும் கணக்காகத்தான் செய்வார்: வாசலிலிருந்து மேசைக்கு இத்தனை அடி, இந்த வசனத்துக்கு இத்தனை விநாடி சிரிப்பு. அவர் எங்கள் எல்லோரையும் வரிசையாகப் பார்த்து, மிச்சத்துக்கு வந்த எண் நான்தான் என்பதுபோல, கதாநாயகன் வேஷத்தை எனக்குத் தந்தார்.

முப்பது வருடத்துக்கு முன்பு இதே மண்டபத்தில் போட்ட சிரிப்பு நாடகம் அது. வெளிநாட்டில் பெரிய பணக்காரனாகிவிட்டதாகப் புளுகிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிற ஒருவனின் கதை. முதல் காட்சியிலேயே அவன் கோட்டும் தொப்பியுமாக வாசலில் வந்து நிற்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். தொப்பியைக் கழற்றி, பார்க்காமலே, மேடையின் மறு பக்கத்துக்கு எறிவான். தொப்பி பறந்துபோய் அங்கே நிற்கிற தொப்பித் தாங்கியின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். அந்த எறியைப் பார்க்கவென்றே சனம் இரண்டாம் நாளும் வந்ததாம். எறிந்தவர் இன்னும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறார். பங்கில் எல்லோருக்கும் அவர் அங்கிள். கலியாண வீட்டுக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் அவரைக் காட்டி, "அந்தத் தொப்பி எறிஞ்சவர்" என்றுதான் சொல்வார்கள்.

நெறியாளர் எனக்குச் சுருக்கமாகச் சொன்னார்.

"வியாழக்கிழமை கடைசி ஒத்திகை. மூண்டு எறி தருவன். அதில ஒண்டாவது கொக்கியில விழவேணும். விழாட்டி நீங்கள் பழையபடி ரெண்டாம் பொலிஸ். இன்ஷூரன்ஸ் தம்பி உங்கட வசனம் முழுக்கப் பாடமாக்கி வைச்சிருக்கிறார்."

இன்ஷூரன்ஸ் தம்பி என் பக்கம் திரும்பிப் பணிவாகச் சிரித்தார். பொலிஸி முதிர்ச்சியடையக் காத்திருக்கிறவனின் சிரிப்பு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கிள் தன்னுடைய பழைய தொப்பியைக் கொண்டுவந்து தந்தார். கம்பளியை அமுக்கித் தட்டிச் செய்த ஃபெல்ட் தொப்பி. கறுப்பு. சுற்றிவரச் சாம்பல் நிறப் பட்டி. ஒரு பொலித்தீன் பையில் வைத்து, கைக்குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் தந்தார்.

"மகன், இத பேக்கில வச்சே கொண்டுபோங்க. ரோட்டில போடாதீங்க. சனிக்கிழம நாடகம் முடிய, இப்ப எப்பிடித் தாறனோ அப்பிடியே எனக்கு வரோணும்."

"ஓம் அங்கிள். என்ர உசிரு மாதிரிப் பாத்துக்கொள்ளுவன்."

என் உயிரை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டுவதற்குள் தொப்பி என் தலையில் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். அப்படியொரு கம்பீரம். காலிமுகத்திடலைக் கடக்கும்போது கடலைக்கூடப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டக்டர் தோளில் தட்டி, "தொப்பி மாத்தயா, இஸ்ஸரஹட யன்ன" என்றார். முன்னுக்குப் போகச் சொல்கிறார். எனக்கு அது ஒரு மரியாதையாகத்தான் பட்டது. வாழ்க்கையில் முன்னுக்குப் போகிறவனைத்தானே அப்படிச் சொல்வார்கள்.

வெள்ளவத்தையில் இறங்கினேன். மழை கொட்டியது. தூறல், சாரல் என்ற முன்னுரை எதுவும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. கையில் பொலித்தீன் பை இருந்தது. தலையில் தொப்பி இருந்தது. சட்டைப் பையில் போன் இருந்தது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு சிறு பிள்ளைகூடச் சரியான முடிவை எடுத்திருக்கும். நான் போனைப் பையில் போட்டுக் கட்டினேன். தொப்பி எதற்கு? மழைக்குத்தானே என்று தலையிலேயே விட்டுவிட்டேன்.

கதவைத் திறந்த மனைவி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"என்னப்பா, தோசை ஒண்டைத் தலையில போட்டுக்கொண்டு வந்து நிக்கிறீங்கள்?"

கழற்றிப் பார்த்தேன். விளிம்பு நாலு பக்கமும் தொங்கியது. மேல் பாகம் உள்ளே இடிந்து விழுந்துகிடந்தது. பட்டியிலிருந்து சாம்பல் தண்ணீர் சொட்டியது. உடனே என் மூளை வேலைசெய்யத் தொடங்கியது, அதுதான் எப்போதும் ஆபத்து. அங்கிளிடம் பஸ்ஸில் களவுபோய்விட்டதென்று சொல்லலாம். டெங்கு என்று படுத்துக்கொள்ளலாம். அவுஸ்திரேலியாவுக்குப் போகலாம், அங்கே ஏற்கெனவே ஒரு கதாநாயகன் இருக்கிறார், துணையாக இருக்கும்.

"முதல்ல அதைக் காயவிடுங்கோ" என்றாள் மனைவி. "பிறகு ஓடலாம்."

ஃபானுக்குக் கீழே வைத்தேன். விடியக் காய்ந்துவிட்டது. ஆனால் முதுகெலும்பு இல்லாமல் காய்ந்திருந்தது. மனைவியிடம் விளக்குமாற்றைத் தலைகீழாகக் கொடுத்து, அந்தப் பக்கம் போய் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். அவள் வேலைக்குப் போகிற அவசரத்தில், சாரியும் கைப்பையுமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். எறிந்தேன். தொப்பி இரண்டடி போய், துவைத்த துவாய்போல நிலத்தில் பொத்தென்று விழுந்தது.

"இஞ்சருங்கோ, நான் ஹட் ஸ்டாண்ட் இல்லை, உங்கட பெஞ்சாதி. எனக்கு பஸ் போகுது."

அவள் போய்விட்டாள். நான் குடும்பத்தில் ஓர் அவசரம் என்று கந்தோருக்கு அந்த வாரம் முழுக்க லீவு சொல்லிவிட்டு, தொப்பியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கொடியில் மனைவியின் பருத்திச் சாரி மொடமொடவென்று நிற்பதைக் கண்டேன். கஞ்சி! எங்கள் அம்மா அப்பாவின் வேட்டிக்குப் போட்டது, மனைவி சாரிக்குப் போடுவது, ஊர் உலகமெல்லாம் துணியை நிமிர்த்தி வைப்பது கஞ்சிதானே. ஃபெல்ட்டும் துணிதானே. இந்த யோசனை இவ்வளவு நேரம் வராததற்காக என்னையே செல்லமாகக் கடிந்துகொண்டேன்.

ஒரு சுண்டு சம்பா அரிசியைக் குழைய அவித்து, வடித்து, தொப்பியை அதில் முக்கி எடுத்தேன். காயவைக்கத் தலை மாதிரி ஒன்று வேண்டும். ரைஸ் குக்கரின் உள் சட்டி கிட்டத்தட்ட சரியாக இருந்தது. அதைக் கவிழ்த்து, தொப்பியை மேலே ஏற்றி, பல்கனி வெயிலில் வைத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது.

என்ன சொல்ல, அப்பம் வந்திருந்தது. மேலே சட்டியின் அடிபோலத் தட்டை. சுற்றிவர மொறுமொறு விளிம்பு. கறுப்புத் துணி முழுக்க வெள்ளை பூத்திருந்தது. ஆனாலும் தட்டினால் சத்தம் கேட்டது! நான் மண்டபத்துக் கைதட்டலைக் கேட்கத் தொடங்கிவிட்டேன். சுவரில் சாத்தி வைத்த விளக்குமாற்றை நோக்கி ஒரு எறி. தொப்பி பறந்தது, சத்தியமாகப் பறந்தது. தடியில் மோதி, விளிம்பில் ஒரு வெடிப்பு விட்டு, ஒரு புகைபோல மாவைக் கொட்டிக்கொண்டு விழுந்தது. பரவாயில்லை, முதல் முயற்சி. பின்னேரம் கடல் காற்று எழும்பியது. ஆறு மணிக்கு நான் போய்த் தொட்டுப் பார்த்தபோது தொப்பி பழையபடி தோசையாகியிருந்தது.

அடுத்தநாள் காலையில் குசினியிலிருந்து பல்கனி வரைக்கும் ஒரு நேர்கோடு. எறும்பு. எங்கள் நெறியாளர் பார்த்திருந்தால் அந்தக் கோட்டைப் பாராட்டியிருப்பார். தொப்பிக்குள் ஒரு பெருநாளே நடந்துகொண்டிருந்தது.

மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"சாரிக்குக் கஞ்சி போட்டால் அயர்ன் பண்ணி அண்டைக்கே உடுப்பன். கஞ்சியோட அலுமாரியில வைச்சால் எறும்பும் கரப்பானும் வரும். கழுவித்தான் வைக்கவேணும். இருபத்தஞ்சு வருசமா ஒரே வீட்டில இருக்கிறீங்கள், இதுகூடத் தெரியாதோ?"

"தெரிஞ்சிருந்தால் நான் ஏன் எறும்புக்குச் சமைச்சுப் போடுறன்?"

"எங்களுக்கு ஒரு நாள் இப்பிடிச் சமைச்சுத் தந்திருக்கிறீங்களோ?"

எறும்பை உதறி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கஞ்சி போகுமட்டும் கழுவினேன். இப்போது தொப்பி முன்பைவிட மோசமாகத் தொய்ந்து, ஈரப் பூனைபோலக் கையில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை. இன்னும் இரண்டு நாள். அங்கிளின் "அப்பிடியே வரோணும்" ஒரு காதிலும், "ரெண்டாம் பொலிஸ்" மறு காதிலும் ஒலித்துக்கொண்டிருந்தன.

துணி வைத்தியத்தை விட்டுவிட்டு மரவேலைக்காரர்களிடம் போவோம் என்று ஏன் தோன்றியதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பயத்தில் காலே கொட்டாஞ்சேனைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும். அங்கே எங்கள் பழைய வீட்டு அலுமாரிக்கு பொலிஷ் வாங்கிய ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற கடைக்காரருக்கு என்னைச் சிறு வயதிலிருந்தே தெரியும். பையிலிருந்து தொப்பியை எடுத்து மேசையில் போட்டேன். நானா அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"இதுல சோறு ஆக்கினீங்களா?"

"கஞ்சி போட்டனான் நானா."

நானா கடையில் வேலைசெய்கிற இரண்டு பேரையும் கூப்பிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர்கள் சிரித்து முடியும்வரை நானாவும் நானும் மரியாதையாகக் காத்திருந்தோம்.

"இது கம்பளி. கஞ்சி இதுக்குள்ள போகாது, மேலால நிக்கும். காத்துப் பட்டா எளகும். ஒங்களுக்கு அரக்குத்தான் வேணும். மேச கதிரைக்குப் பூசுற அதே செலக்."

தகரப் பேணியிலிருந்து தேன் நிறத்தில் கண்ணாடித் துண்டுபோன்ற செதில்களை அள்ளிக் கடதாசியில் சுற்றினார். ஒரு போத்தல் ஸ்பிரிட்டும் எடுத்து வைத்தார்.

"ஜாம் போத்தலுக்குள்ள ரெண்டையும் ஊத்தி மூடி வைங்க. நாளைக்கு விடிய நல்லாக் கரைஞ்சி ஈக்கும். பொறகு பிரஷ்ஷால உள்பக்கத்துக்கு மட்டும் பூசுங்க. மெல்லிசா. ஒண்டு காஞ்சி மணம் போன பொறகுதான் அடுத்தது. தடிப்பமாப் பூசினீங்களோ, அது தொப்பி இல்ல, பலகை. அடுப்புப் பக்கம் போகவே வாணாம். செல்லிட்டேன்."

"எதில ஏத்திக் காயவைக்கிறது நானா? சட்டியில வைச்சால் தட்டையா வருது."

"தல மாதிரி உருண்டையா ஏதாச்சும் பாருங்க. ஒங்கட தலைய வைக்கேலாதே, அதால இன்னும் மிச்சம் யோசிக்க ஈக்கே."

தலை மாதிரி. பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெள்ளவத்தைச் சந்தை வாசலில் இறங்கியபோது பதில் குவியலாகக் கிடந்தது, பச்சை வரி போட்டு.

பொதி கட்டுகிற நூலில் இரண்டு முழம் வாங்கி என் தலையைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டேன். பிறகு பழம் பழமாக அந்த நூலை மாட்டிப் பார்த்தேன். மலையகத்திலிருந்து வந்து அங்கே கடை போட்டிருக்கிற அம்மா ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஐயா, பழத்தத் தட்டித்தாங்க பாப்பாங்க. நீங்க என்ன அளவு எடுக்குறீங்க? சட்ட தைக்கவா?"

"சட்டை இல்லை அம்மா. தொப்பிக்கு."

அவர் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார். "அடியே, இங்க வந்து பாரு. வத்தகப்பழத்துக்குத் தொப்பி போடப் போறாராம்!"

சனம் கூடியது. ஒரு பழம் பெரிது. ஒரு பழம் சின்னப்பிள்ளைத் தலை. ஐந்தாவதோ ஆறாவதோ, நூல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டு, மறு பக்கம் கொஞ்சம் சப்பையாக, அசல் என் தலையேதான். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

"இனிக்குமான்னு கேக்க மாட்டீங்களா?" என்றார் அந்த அம்மா.

"தேவையில்லை. மண்டை சரியா இருந்தால் போதும்."

"அப்ப வீட்டு அம்மா பாவந்தான்" என்று பையில் போட்டுத் தந்தார்.

புதன்கிழமை விடிய, அரக்கு கரைந்து தேநீர்போல நின்றது. வத்தகப்பழத்துக்குப் பொலித்தீன் சுற்றி, ரைஸ் குக்கர் சட்டியில் கழுத்துப்போல இருத்தி, ஈரத் தொப்பியை முந்தின நாளே அதில் ஏற்றி உச்சிக் குழிவைக் கையால் அமுக்கி எடுத்திருந்தேன். விளிம்புக்குக் கீழே சுற்றிவரப் புத்தகங்களை அடுக்கி மட்டமாக்கியிருந்தேன். இப்போது கழற்றி, உள்ளே மெல்லிசாக ஒரு பூச்சு. மணம் வீடு முழுக்க ஏறியது. திரும்பப் பழத்தில் ஏற்றினேன். எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அண்ணை, பகல்லயே தொடங்கிட்டீங்களோ?"

"தொப்பிக்குப் பூசுறன்."

"விளங்குது, விளங்குது" என்றார். விளங்கிய மாதிரித் தெரியவில்லை. என் வாய்க்குக் கிட்ட வந்து மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார்.

இரண்டாவது பூச்சு நன்றாகக் காய்ந்தது. மூன்றாவது பூச்சில்தான் உயிர் போனது. விளிம்பின் அடிப்பக்கத்தில் பால் தெளித்ததுபோல வெள்ளை படர்ந்தது. மறுபடியும் கஞ்சியா? எறும்பா? சாபமா? நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஜன்னல் தொறந்து ஈக்கா?"

"ஓம் நானா."

"கடக் காத்து ஈரம். மூடுங்க. ஸ்பிரிட்ட பிரஷ்ஷில சும்மா தொட்டு மேலால தடவுங்க, பெய்த்துரும். மிச்சம் பயப்படாதீங்க, தொப்பிய விட ஒங்களுக்குத்தான் வெறைப்புக் கூட."

ஜன்னலை மூடினேன். தடவினேன். வெள்ளை போய்விட்டது. நான் நிலத்தில் உட்கார்ந்து ஒரு போத்தல் தண்ணீர் குடித்தேன்.

பின்னேரம் மனைவி வேலையால் வந்தபோது, சாப்பாட்டு மேசையில் தொப்பி போட்டுக்கொண்டு வத்தகப்பழம் இருந்தது. அவள் கைப்பையை வைத்துவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தாள். தன்னுடைய கந்தோரில் அன்றைக்கு நடந்ததெல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அதனிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல மனுசன். இடையில கதைக்கிறதில்லை" என்றாள்.

வியாழக்கிழமை காலை பழத்திலிருந்து தொப்பியைக் கழற்றினேன். விரல் முட்டியால் விளிம்பைத் தட்டினேன்.

டொக்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுதுவது அநியாயம். நான் அதை நாலைந்து தரம் தட்டினேன், மனைவியைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னேன், எதிர் வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருப்பேன், அவள் தடுத்துவிட்டாள். விளக்குமாறு நிமிர்ந்தது. முதல் எறி கலண்டரை விழுத்தியது. இரண்டாவது அவள் கொண்டையில் பட்டது. ஆனால் பறந்தது! தட்டுப்போல, சுழன்று, கனத்தோடு பறந்தது. ஏழாவதோ எட்டாவதோ எறியில் தொப்பி போய் விளக்குமாற்றுத் தடியில் உட்கார்ந்து இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மனைவி அந்தத் தடியை அசையாமல் பிடித்தபடியே, "இன்னும் ஒருக்கா எறியுங்கோ" என்றாள். அன்றைக்கு அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள். யார் குற்றமென்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குத் தொப்பியை ஒரு கேக் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை இரண்டு பைகளுக்குள் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஜன்னல் கண்ணாடியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மண்டபத்தில் அங்கிள் வந்து முன் கதிரையில் இருந்தார். அவரைக் கண்டதும் கேக் பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். நெறியாளர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். இன்ஷூரன்ஸ் தம்பி மேடையோரத்தில் நின்று என் வசனத்தை வாய்க்குள் முணுமுணுத்தார்.

முதல் எறி தொப்பித் தாங்கிக்கு மேலால் போய், திரைக்குப் பின்னால் ஹார்மோனியக்காரரின் மடியில் இறங்கியது.

"ஒண்டு" என்றார் நெறியாளர்.

இரண்டாவது கொக்கியில் தட்டி, ஒரு கணம் நின்று, யோசித்து, விழுந்தது.

"ரெண்டு."

மூன்றாவது எறிக்கு முன்பு என் கண்ணுக்குள் இரண்டாம் பொலிஸ்காரனின் காக்கிச் சட்டை வந்தது. பத்தொன்பது வருடமாக அக்குளில் கிழிந்து தைத்துக் கிழிந்த அதே சட்டை. உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. காற்சட்டையில் துடைத்தேன். கொக்கியைப் பார்ப்பதை விட்டேன். விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸையும் விட்டுவிட்டு, அங்கே என் மனைவி நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எறிந்தேன்.

தொப்பி சுழன்றுகொண்டு போனது. கொக்கியில் விழுந்தது. ஆடியது. வலப் பக்கம், இடப் பக்கம். நின்றது.

ஹார்மோனியக்காரர் பின்னாலிருந்து, "விழுந்ததா இல்லையா, ஆராவது சொல்லுங்கோவன்!" என்று கத்தினார். எல்லோரும் ஒன்றாகக் கூவினார்கள். நெறியாளர் மட்டும் சலனமில்லாமல் புத்தகத்தில் ஒரு சரி போட்டு, "அடுத்த காட்சி" என்றார். ஆனால் போட்ட சரி பக்கத்தின் பாதி அளவு இருந்ததை நான் பார்த்தேன்.

இடைவேளையில் அங்கிள் தொப்பியைக் கையில் எடுத்தார். தடவினார். விளிம்பைத் தட்டினார். டொக். உள்ளே திருப்பிப் பளபளப்பைப் பார்த்தார்.

"மகன், இது நான் தந்த தொப்பி இல்லயே."

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பஸ், கண்ணாடி, மழை, போன், கஞ்சி, எறும்பு, அரக்கு, வத்தகப்பழம். மன்னிப்புக் கேட்டேன். அங்கிள் என் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒண்டு சொல்றன், கத்தாதீங்க. நான் ஒருநாளும் எறியேல்ல."

"என்ன அங்கிள்?"

"நூல். கறுப்பு நைலோன் நூல். நான் கைய வீசி விடுவன், ஸ்டாண்டுக்குப் பின்னால என்ட தம்பி குந்தியிருந்து இழுப்பான். இந்தத் தொப்பி அந்த நாளிலயே தொய்ஞ்ச தொப்பி. எறிஞ்சா மூணு அடி போகாது. முப்பது வருசமா அவனும் நானும் ஆருக்கும் சொல்லேல்ல."

நான் ஹார்மோனியப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். நாலு நாளாக நான் செத்துச் செத்துப் பிழைத்தது, உலகத்தில் ஒருவரும் எறியாத ஓர் எறியை எட்டிப்பிடிக்க. அழுவதா சிரிப்பதா என்று யோசித்தேன். அப்போதுதான் மெதுவாக விளங்கியது. அப்படியென்றால் கொட்டாஞ்சேனையிலேயே அந்தத் தொப்பியை உண்மையாக எறிந்து மாட்டிய முதல் ஆள் நான்!

"சனிக்கிழமைக்கு நூல் வேணுமெண்டா சொல்லுங்க" என்றார் அங்கிள். "தம்பியக் கூட்டிக்கொண்டு வாறன். குந்த மாட்டான், முழங்கால் வருத்தம். கதிர போட்டா இழுப்பான்."

"வேண்டாம் அங்கிள்."

சொல்லிவிட்டு, வாசலிலிருந்து கொக்கிக்கு எத்தனை அடி என்று காலால் அளக்கத் தொடங்கினேன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்து, ஜன்னல்களிலும் தலைகள். முன் வரிசையில் ஒரு பக்கம் அங்கிள், மறு பக்கம் என் மனைவி. திரை விலகியது. கோட்டும் தொப்பியுமாக வாசலில் வந்து நின்றேன். இன்றைக்கு மூன்று எறி கிடையாது. தொப்பியைக் கழற்றினேன். மனைவி மடியிலிருந்த குடையை எடுத்து, ஒருவருக்கும் தெரியாமல், தலைகீழாக நிமிர்த்திப் பிடித்தாள். எனக்குத் தெரிந்தது. எறிந்தேன்.

கொக்கியில் நேரே போய் உட்கார்ந்தது. ஆடக்கூட இல்லை.

மண்டபம் இடிந்துவிடும்போல இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் அங்கிள் எழும்பி, கதிரையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பிக் கத்தினார்: "நூல் இல்ல! இந்த மனுசன் நூல் இல்லாம எறிஞ்சவன்! நான்தான் நூலில எறிஞ்சன்!" பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள், அவருக்கும் சேர்த்து. நான் மேடையில் முதல் வசனத்தைச் சொல்ல முடியாமல் நின்றேன். இத்தனை விநாடிக் கைதட்டலுக்கு நெறியாளரின் கணக்கில் இடமே இருக்கவில்லை.

நாடகம் முடிந்து தொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அங்கிள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "தந்த மாதிரியே வரோணும் எண்டு சொன்னனே" என்றார். பிறகு அதைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தூறிக்கொண்டிருந்தது. விளிம்பு மட்டமாக, ஒரு துளி உள்ளே விடாமல், சந்திவரைக்கும் நேராகப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்ஷூரன்ஸ் தம்பி வந்து கைகொடுத்து, இனி எனக்கு விபத்துக் காப்புறுதி ஒன்று அவசியம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினியிலிருந்து மனைவியின் குரல்.

"இஞ்சருங்கோ, உங்கட தலையை வெட்டப்போறன். வாங்கோ."

போனேன். ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்தது. நல்ல சிவப்பு. ஒரு துண்டை எனக்குத் தந்துவிட்டு, தன்னுடைய துண்டைக் கடித்துப் பார்த்து அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"இனிப்புத்தான். விதைதான் கொஞ்சம் கூட."

"அது விதை இல்லை" என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்தி. "யோசனை."

அவள் ஒரு யோசனையைத் துப்பிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள்.